கிரிட்டாவில் டிக் போட்டிருக்கிறது, ஆனால் ஜிபியு உண்மையில் வேலை செய்கிறதா?

#1 தூரிகை

எல்லோருக்கும் வணக்கம். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். முழு வேலையும் கிரிட்டா என்ற படம் வரையும் செயலியில்தான். மடிக்கணினியில் இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, சிப்போடு வரும் ஜிபியு (படம் வரைவதற்கென்றே உள்ள பகுதி) யுஹெச்டி 620 மட்டும். ஓஎஸ் உபுண்டு.

ஏ4 தாள், 300 டிபிஐ, அதாவது 2480-க்கு 3508 பிக்சல். ஆறேழு லேயர்தான் இருக்கும். வரையும்போது தாளைத் திருப்பினாலும் பெரிதாக்கினாலும் படம் விட்டுவிட்டு நகர்கிறது. விசிறி சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. இதே மாதிரி மடிக்கணினி வைத்திருக்கும் தோழியிடம் இதைவிடப் பெரிய படங்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. அதனால்தான் சந்தேகம் வந்தது.

கிரிட்டா செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தில் "கேன்வாஸ் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்" டிக் போட்டுத்தான் இருக்கிறது. இணையத்தில் தேடி ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையையும் ஓட்டினேன். "டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்" என்று வந்தது. ஆனால் தாளைத் திருப்பும்போது சிஸ்டம் மானிட்டரில் சிபியுவின் (பொதுவான கணக்குகளைச் செய்யும் மையச் சிப்) எட்டுக் கோடுகளும் உச்சத்துக்குப் போகின்றன.

டிக் இருக்கிறது, யெஸ் என்றும் வருகிறது. அப்படியானால் ஜிபியுதான் வரைகிறது என்று நம்பலாமா? உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி என்ன?

#2 மின்மினி

அக்கா, 8 ஜிபி ரேம் பத்தாமல் இருக்கலாம். கிரிட்டா நிறைய ரேம் தின்னும்.

#3 நிரல்வழி

ரேம் பத்தாவிட்டால் டிஸ்க்தான் ஓடும், எட்டுக் கோடுகளும் ஒன்றாக உச்சத்துக்குப் போகாது. எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது.

தூரிகை, முதலில் அந்த "டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்" வரியை மறந்துவிடுங்கள். அதை வைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். நிரல் தன் ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை (படம் வரையச் சொல்லும் பொதுவான கட்டளைகள்) எக்ஸ் சர்வர் (லினக்ஸில் திரையைக் கையாளும் நிரல்) வழியாகச் சுற்றி அனுப்பாமல் நேராகக் கையாள்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். நேராகக் கையாள்வது ஜிபியுவா சிபியுவா என்று அந்த வரி சொல்லாது. முழுக்க முழுக்க சிபியு வரைந்தாலும் அங்கே யெஸ்தான் வரும்.

பார்க்க வேண்டியது வேறு இரண்டு வரி. டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஹைஃபன், ஒட்டினாற்போல் பெரிய எழுத்து பி. மேசா-யுடில்ஸ் தொகுப்பில் வரும் கட்டளை இது. வெளியீடு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதில்:

"ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் ஸ்ட்ரிங்" என்ற வரிக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது? உங்கள் மடிக்கணினிக்கு "மேசா இன்டெல் யுஹெச்டி கிராபிக்ஸ் 620" என்று இருக்க வேண்டும். "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால் சிபியுதான் வரைகிறது.

"ஆக்சிலரேட்டட்" என்று இன்னொரு வரி, கொஞ்சம் மேலே இருக்கும். அங்கே யெஸ்ஸா நோவா?

இது கணினிக்கான பதில். கிரிட்டாவுக்கான பதிலைக் கிரிட்டாவிடமே கேட்க வேண்டும். ஹெல்ப் மெனுவில் பிழை அறிக்கைக்கான சிஸ்டம் தகவல் என்று ஒன்று உண்டு. அதில் ஓப்பன்ஜிஎல் பகுதியில் வெண்டர், ரெண்டரர் என்று வரும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு வடிவில் நிறுவிய செயலி தன் கிராபிக்ஸ் நூலகங்களைத் தன்னோடு கொண்டுவரும். முக்கியமாக என்விடியா வைத்திருப்பவர்களுக்கு, கணினியில் உள்ள டிரைவர் பதிப்பும் ஃபிளாட்பேக்குக்குள் உள்ள பதிப்பும் ஒத்துப்போகாவிட்டால், மற்ற செயலிகள் ஜிபியுவில் ஓடும்போது அந்த ஒரு செயலி மட்டும் சிபியுவுக்கு இறங்கிவிடும். அதனால் இரண்டு இடத்திலும் பார்த்துச் சொல்லுங்கள்.

#4 தூரிகை

பார்த்தேன். கட்டளையில்: "எல்எல்விஎம்பைப் (எல்எல்விஎம் 15.0.7, 256 பிட்ஸ்)". ஆக்சிலரேட்டட்: நோ. கிரிட்டாவின் சிஸ்டம் தகவலிலும் அதே எல்எல்விஎம்பைப்.

அப்படியானால் டிக் போட்டிருப்பதற்கு என்ன பொருள்? ஒன்றரை வருடமாக இதில்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

#5 பழம்பெட்டி

டிக் பொய் சொல்லவில்லை. "ஓப்பன்ஜிஎல் வழியாக வரை" என்பதுதான் அந்த டிக். கிரிட்டாவும் ஓப்பன்ஜிஎல் கட்டளைகளைத்தான் அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்பவர் யார் என்பது கிரிட்டா கையில் இல்லை. லினக்ஸில் அது மேசா என்ற கிராபிக்ஸ் நூலகத்தின் பொறுப்பு. ஜிபியு டிரைவர் கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையைக் காட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிக்சலையும் சிபியுவிலேயே கணக்குப் போட்டு மேசா படத்தைத் தந்துவிடுகிறது. அந்த மென்பொருள் வரைவிதான் எல்எல்விஎம்பைப். சிபியுவில் இருக்கிற எல்லா கோர்களுக்கும் (கணக்குப் போடும் பகுதிகள்) வேலையைப் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் பார்த்த எட்டுக் கோடுகளும் உச்சத்துக்குப் போவது அதனால்தான்.

விண்டோஸிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே அதற்கு வார்ப் என்று பெயர், விண்டோஸ் 7-இலிருந்து இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளரின் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். அப்போது டைரக்ட்3டி (ஓப்பன்ஜிஎல் போல விண்டோஸுக்கு உள்ள வரைமுறை) கேட்கும் செயலிகளுக்கு வார்ப்தான் படம் வரைந்து கொடுக்கும். செயலி விசாரிக்காவிட்டால் அதற்கும் தெரியாது, பயனருக்கும் தெரியாது. மெதுவாக மட்டும் இருக்கும்.

இனி ஏன் டிரைவர் ஏறவில்லை என்று பார்க்கலாம். மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, எல்எஸ்பிசிஐ கட்டளையை ஹைஃபன் கே போட்டு ஓட்டி, விஜிஏ என்று வரும் இடத்தில் "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இரண்டு, டெவ் ஃபோல்டருக்குள் டிஆர்ஐ ஃபோல்டரில் "ரெண்டர்டி128" என்ற கோப்பு இருக்கிறதா? மூன்று, ப்ராக் ஃபோல்டருக்குள் "சிஎம்டிலைன்" என்ற கோப்பில் என்ன எழுதியிருக்கிறது? அது ஒரே வரிதான், முழுக்கப் போடுங்கள்.

#6 தூரிகை

"கெர்னல் மாட்யூல்ஸ்: ஐ915" என்று இருக்கிறது. "டிரைவர் இன் யூஸ்" வரி இல்லை. ரெண்டர்டி128 இல்லை. சிஎம்டிலைன் வரியின் கடைசியில் "கொயட் ஸ்பிளாஷ் நோமோட்செட்" என்று முடிகிறது.

#7 பழம்பெட்டி

கிடைத்துவிட்டது. கடைசிச் சொல்தான் காரணம்.

திரையின் பிக்சல் அளவை அமைப்பது, ஜிபியுவை எழுப்புவது எல்லாம் இப்போது கெர்னலுக்குள் (ஓஎஸ்ஸின் மையக்கரு) இருக்கும் டிரைவரின் வேலை. நோமோட்செட் என்றால் "அதைச் செய்யாதே" என்று கெர்னலுக்கு உத்தரவு. இன்டெல்லின் ஐ915 டிரைவர் அந்த உத்தரவைப் பார்த்ததும் ஏறாமல் ஒதுங்கிவிடும். மாட்யூல் (டிரைவர் கோப்பு) டிஸ்கில் இருக்கிறது, ஆனால் பயன்பாட்டில் இல்லை. உங்கள் வெளியீடும் அதையேதான் சொல்கிறது.

ஒன்று கேட்கிறேன். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் உங்களுக்கு வேலை செய்கின்றனவா?

#8 தூரிகை

இல்லை! லினக்ஸ் போட்ட நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. லினக்ஸில் அப்படித்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரவில் வரையும்போது கண் கூசும், திரை மேல் மெல்லிய துணி போட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நினைவு வருகிறது. நிறுவிய அன்று மறுபடி ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நின்றது. எங்கோ ஒரு வீடியோவில் பார்த்து இந்தச் சொல்லைச் சேர்த்தேன். திரை வந்தது. வந்ததே போதும் என்று அதோடு மறந்துவிட்டேன்.

#9 பழம்பெட்டி

அது தற்காலிகமாகப் போட வேண்டிய சொல். திரை வந்ததும் புதுப்பிப்புகளை ஏற்றிவிட்டு எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டாம் பாதியைப் பலர் சொல்லித்தருவதில்லை.

உடனே நிரந்தரமாக எடுக்காதீர்கள். முதலில் ஒரு முறைக்கு மட்டும் சோதித்துப் பாருங்கள். ஆன் செய்யும்போது கிரப் மெனு (ஓஎஸ் ஏறும் முன் வரும் தேர்வுப் பட்டியல்) வரவழைத்து, உபுண்டு வரியில் நின்றபடி ஆங்கில இ எழுத்தைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில் நோமோட்செட் இருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். திரை மறுபடி கறுத்தால் பயம் வேண்டாம், பவர் பட்டனை அழுத்தி அணைத்து ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும்.

திரை நன்றாக வந்தால் அப்புறம் நிரந்தரமாக எடுக்கலாம். ஈடிசி, டீஃபால்ட் ஃபோல்டரில் கிரப் என்ற கோப்பைத் திறந்து அந்தச் சொல்லை நீக்கி, சூடோ போட்டு அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும்.

#10 கணக்குப்பிள்ளை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதே கேள்வி எனக்கு விண்டோஸில். அலுவலகத்துக்காக டாட்நெட் டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் செயலிகளின் ஜன்னல்களை எழுத உதவும் மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பு) ஒரு செயலி எழுதினேன். விற்பனை வரைபடங்கள் நிறைய அசையும். டாஸ்க் மேனேஜரில் என் செயலிக்கு எதிரே ஜிபியு 0 சதவீதம் என்றே காட்டுகிறது. ஆனால் "டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்" என்ற ஒன்றுக்கு 6, 7 சதவீதம் காட்டுகிறது. என் செயலி ஜிபியுவைப் பயன்படுத்துகிறதா, இல்லையா?

#11 பழம்பெட்டி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்டோஸில் அதிகம் குழப்புவது இந்த இடம்தான்.

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு கணக்கு வந்தது 2017 இலையுதிர் காலத்து விண்டோஸ் 10 பதிப்பில், 1709-இல். டிரைவர் டபிள்யூடிடிஎம் (விண்டோஸின் கிராபிக்ஸ் டிரைவர் வரையறை) 2.0 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் எண் வரும். ப்ராசஸஸ் பக்கத்தில் காட்டும் சதவீதம் எல்லாப் பிரிவுகளின் கூட்டுத்தொகை அல்ல. ஜிபியுவுக்குள் 3டி, காப்பி, வீடியோ டீகோட், வீடியோ என்கோட் என்று தனித்தனி எஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றில் எது அதிகமாக ஓடுகிறதோ அதன் எண்தான் அங்கே நிற்கும். அதனால் "ஜிபியு எஞ்சின்" என்ற நெடுவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும். ஒரு வீடியோ பிளேயர் வீடியோ டீகோடில் 20 சதவீதம் காட்டலாம். அது படச்சுருளைப் பிரிக்கும் வேலை. ஜன்னலையும் பட்டன்களையும் அதே செயலி சிபியுவில் வரைந்துகொண்டிருக்கலாம். ரெண்டரிங், அதாவது படம் வரைவது, பற்றிக் கேட்டால் பார்க்க வேண்டியது 3டி என்ற பெயர்.

அடுத்தது உங்கள் 6 சதவீதம். விஸ்டாவிலிருந்து ஜன்னலில் ஓடும் செயலிகள் பொதுவாகத் திரையில் நேரடியாக வரைவதில்லை. ஒவ்வொன்றும் தன் ஜன்னலைத் தனி நினைவகத்தில் வரைந்து வைக்கும். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் எல்லா ஜன்னல்களையும் ஜிபியுவில் அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும். ஆகவே உங்கள் செயலி முழுக்க சிபியுவில் வரைந்தாலும், அந்த ஜன்னல் அசைந்தால் விண்டோ மேனேஜரின் ஜிபியு எண் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்து "என் செயலி ஜிபியுவில் ஓடுகிறது" என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் செயலியின் பெயருக்கு எதிரே வரும் எண்தான் கணக்கு.

அந்த எண் 0 என்றால் உடனே "இல்லை" என்றும் சொல்லிவிட முடியாது. எதுவும் மாறாத ஜன்னலை யாரும் மறுபடி வரைய மாட்டார்கள். நல்ல செயலி சும்மா இருக்கும்போது 0-தான் காட்ட வேண்டும். டாஸ்க் மேனேஜரை ஓரமாக, எப்போதும் மேலே நிற்கும்படி வைத்துவிட்டு, உங்கள் செயலியில் வரைபடத்தை இழுத்து, உருட்டி, ஜன்னலைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி ஒரு பத்து வினாடி விடாமல் ஆட்டுங்கள். அப்போதும் 0-விலேயே நின்று, சிபியு மட்டும் ஏறினால் சந்தேகம் சரிதான்.

டபிள்யூபிஎஃப் என்பதால் இன்னும் நேரான வழி உண்டு. ரெண்டர்கேப்பபிலிட்டி வகுப்பில் டயர் என்ற மதிப்பைப் படித்துப் பாருங்கள். 0 என்றால் முடுக்கம் (ஜிபியுவின் உதவி) இல்லை, 1 என்றால் ஓரளவு, 2 என்றால் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. ஒரு கண்ணி இருக்கிறது: அந்த எண் மேல் 16 பிட்டுகளில் ஒளிந்திருக்கும். வலப்பக்கம் 16 இடம் நகர்த்திய பிறகே 0, 1, 2 வரும். நகர்த்தாமல் அச்சிட்டால் 131072 என்று வரும், அதுதான் 2.

#12 நிரல்வழி

பழம்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டயர் 2 என்பது "இந்தக் கணினியில் முடியும்" என்ற பதில்தான். உங்கள் நிரலின் ஒவ்வொரு மூலையும் அப்படி வரையப்படுகிறது என்ற உறுதி அல்ல. உதாரணத்துக்கு ரெண்டர்டார்கெட்பிட்மேப் எப்போதும் மென்பொருளில்தான் வரையும். வரைபடத்தை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வழியாகப் படமெடுத்துக்கொண்டிருந்தால் டயர் 2 இருந்தும் மெதுவாகத்தான் இருக்கும். மைக்ரோசாஃப்டின் பழைய டபிள்யூபிஎஃப் பெர்ஃபார்மன்ஸ் சூட்டில் பெர்ஃபோரேட்டர் என்று ஒரு கருவி உண்டு. மென்பொருளில் வரையப்படும் பகுதிகளை ஊதா நிறம் பூசிக் காட்டும்படி அதில் சொல்லலாம். எண்களோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த ஊதாவைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

#13 கரும்பலகை

இவ்வளவு சுற்ற வேண்டுமா? ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியைத் திறந்து, கீழ்ப் பலகத்தில் செயலி ஏற்றியிருக்கும் டிஎல்எல் (நூலகக் கோப்புகள்) பட்டியலைப் பாருங்கள். டி3டி11 (டைரக்ட்3டி நூலகம்) அல்லது ஓப்பன்ஜிஎல்32 இருந்தால் ஜிபியு பயன்படுகிறது, இல்லாவிட்டால் இல்லை. நான் பல வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

#14 நிரல்வழி

இல்லாவிட்டால் இல்லை என்ற பாதிக்கு ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இருந்தால் உண்டு என்ற பாதிக்கு முடியாது. டி3டி11 என்பது கதவு மாதிரி. அந்தக் கதவுக்குப் பின்னால் ஜிபியு டிரைவரும் இருக்கலாம், வார்ப்பும் இருக்கலாம். இரண்டு வழியிலும் டி3டி11 ஏறியிருக்கும். பட்டியலில் அதோடு டி3டி10வார்ப் என்பதும் இருந்தால் அது நல்ல துப்பு, ஆனால் அதுகூட முழு ஆதாரம் இல்லை. சில செயலிகள் நூலகத்தை ஏற்றி, கணினியின் திறனை விசாரித்துவிட்டு, கடைசியில் விண்டோஸின் பழைய வரைமுறையான ஜிடிஐ வழியாகவே வரையும்.

இதே தவறு என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையின் வெளியீட்டைப் பார்ப்பவர்களிடமும் உண்டு. அங்கே செயலியின் பெயருக்கு எதிரே "ஜி" என்று வந்தால் அது ஒரு கிராபிக்ஸ் சூழலைத் திறந்து கொஞ்சம் நினைவகம் பிடித்திருக்கிறது என்று பொருள். இந்த நொடியில் வரைகிறது என்று பொருள் இல்லை.

#15 கரும்பலகை

வார்ப்பிலும் டி3டி11 ஏறும் என்பதை யோசிக்கவில்லை. மெய்நிகர் கணினி ஒன்றில் இப்போதே பார்த்தேன். டி3டி11, டி3டி10வார்ப் இரண்டும் இருக்கின்றன, ஜிபியு என்ற பகுதியே டாஸ்க் மேனேஜரில் இல்லை. சரி, என் முறை அரைகுறைதான். ஏற்றுக்கொள்கிறேன்.

#16 மின்மினி

அண்ணா, நான் கல்லூரியில் நிரல் எழுத விஎஸ் கோடு பயன்படுத்துகிறேன். டாஸ்க் மேனேஜரில் அதே பெயரில் பத்து வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

#17 நிரல்வழி

நல்ல கேள்வி தம்பி. விஎஸ் கோடு எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதியது. உள்ளே இருப்பது குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம். குரோமியம் வரையும் வேலையைத் தனி ப்ராசஸ் ஒன்றிடம் கொடுத்துவிடும், அதற்கு ஜிபியு ப்ராசஸ் என்றே பெயர். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் கமாண்ட் லைன் நெடுவரிசையைச் சேர்த்தால், டைப் என்பதற்கு எதிரே ஜிபியு-ப்ராசஸ் என்று ஒரே ஒரு வரியில் இருக்கும். ஜிபியு சதவீதம் அந்த வரியில்தான் ஏறும். மற்ற ஒன்பதும் 0-விலேயே நிற்பது இயல்பு. ஆனால் அந்த ப்ராசஸ் இருப்பதாலேயே முடுக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே, மென்பொருளில் வரையும்போதும் அது இருக்கலாம்.

டெர்மினலில் கோடு என்று அடித்து, இரட்டை ஹைஃபன் ஸ்டேட்டஸ் சேர்த்து ஓட்டு. விஎஸ் கோடு திறந்திருக்க வேண்டும். ஜிபியு ஸ்டேட்டஸ் என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஜிபியு காம்போசிட்டிங், ராஸ்டரைசேஷன் இரண்டையும் பார். எனேபிள்டு என்றால் சரி. டிஸேபிள்டு சாஃப்ட்வேர் என்று வந்தால் சிபியு.

குரோம் உலாவியில் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று அடித்தால் இதே பட்டியல் விரிவாக வரும். ரெண்டரர் வரியில் ஸ்விஃப்ட்ஷேடர் என்று கண்டால் அது குரோமியத்தின் மென்பொருள் வரைவி. ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் சப்போர்ட் பக்கம், கிராபிக்ஸ் பகுதி, காம்போசிட்டிங் வரி. வெப்ரெண்டர் என்று மட்டும் இருந்தால் ஜிபியு. பக்கத்தில் அடைப்புக்குள் சாஃப்ட்வேர் என்று சேர்ந்திருந்தால் சிபியு.

#18 தூரிகை

எழுதும்போது கை நடுங்குகிறது. நோமோட்செட்டை எடுத்து ஆன் செய்தேன், திரை முதல் தடவையிலேயே வந்தது. வெளிச்சப் பட்டன் வேலை செய்கிறது!! இப்போது ரெண்டரர் வரியில் "மேசா இன்டெல் யுஹெச்டி கிராபிக்ஸ் 620". ஆக்சிலரேட்டட் யெஸ். கிரிட்டாவின் சிஸ்டம் தகவலிலும் அதே பெயர்.

தாளைத் திருப்பினால் விரலோடு கூடவே திரும்புகிறது. விசிறி எழவே இல்லை. நிரந்தரமாகவும் எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. 800 பிக்சல் அளவு ஈரத் தூரிகையால் இழுத்தால் கோடு இன்னும் பின்தங்கித்தான் வருகிறது. அப்போது சிபியுவும் ஏறுகிறது. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறதா?

#19 நிரல்வழி

மிகவும் சந்தோஷம். பாக்கி எதுவும் இல்லை. அது கிரிட்டாவின் அமைப்பே. தூரிகையின் ஒவ்வொரு தடத்தையும் கணக்கிடுவது சிபியுவின் வேலை. நிறக்கலவை, இழைநயம், லேயர்களை ஒன்றாக்குவது எல்லாம் அங்கேதான். ஆன பிறகு அந்தப் படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது, திருப்புவது, பெரிதாக்குவது ஜிபியு. உங்களுக்கு இரண்டாவது பாதிதான் உடைந்திருந்தது, அது சரியாகிவிட்டது.

பெரிய தூரிகைக்கு இன்ஸ்டன்ட் ப்ரிவ்யூ என்ற வசதியைப் போட்டுப் பாருங்கள். சிறிதாக்கிய நகலில் முதலில் கோட்டைக் காட்டிவிட்டு, முழு அளவைப் பின்னால் கணக்கிடும். அது வேலை செய்ய ஓப்பன்ஜிஎல் கேன்வாஸ் வேண்டும், டிஸ்ப்ளே பக்கத்தில் ஸ்கேலிங் முறை டிரைலீனியர் அல்லது ஹை குவாலிட்டியில் இருக்க வேண்டும்.

எதை ஆட்டிச் சோதிக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் கேள்வியே சாட்சி. தூரிகையை இழுத்துப் பார்த்து "ஜிபியு ஓடவில்லை" என்று முடிவு செய்திருந்தால் தப்பாகியிருக்கும்.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு சோதனை செய்து பார்க்கிறீர்களா? முதலாவது, இன்டெல்-ஜிபியு-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, சூடோவோடு இன்டெல்_ஜிபியு_டாப் ஓட்டுங்கள். ரெண்டர்/3டி, பிளிட்டர், வீடியோ என்று பட்டைகள் வரும். கிரிட்டாவில் தாளைத் திருப்பும்போது எது ஏறுகிறது என்று பாருங்கள். ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு ரேடியான்டாப். என்விடாப் என்ற ஒன்று பல வகை ஜிபியுவுக்கும் பொருந்தும், செயலிவாரியாகவும் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கையானது. கிரிட்டாவை மூடிவிட்டு டெர்மினலில் லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர், சமக்குறி, 1, ஓர் இடைவெளி, கிரிட்டா என்று அடித்துத் திறங்கள். சுற்றுச்சூழல் மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. இது வேண்டுமென்றே அந்த ஒரு தடவைக்கு மட்டும் சிபியுவில் வரைய வைக்கும். அதே படத்தைத் திறந்து அதே மாதிரி திருப்புங்கள். வேண்டுமென்றே கெடுத்தால் மெதுவாகிறது, கெடுக்காவிட்டால் வேகமாக இருக்கிறது என்றால், சாதாரணமாக ஓடும்போது ஜிபியுதான் வரைகிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்று எப்போதுமே சிபியுதான், அல்லது அந்தச் செயலிக்கு ஜிபியு ஒரு பொருட்டே இல்லை. எந்தக் கருவியின் எண்ணையும் நம்பாமல் செய்யக்கூடிய சோதனை இது.

#20 பழம்பெட்டி

இந்தக் கெடுத்துப் பார்க்கும் முறை மற்ற இடங்களிலும் உண்டு. எலக்ட்ரான் செயலிகளை டிஸேபிள்-ஜிபியு என்ற ஆப்ஷனோடு திறக்கலாம். ஜன்னல், பட்டன் வரையும் நூலகங்களிலும் இப்படி உண்டு: ஜிடிகே 4-இல் ஜிஎஸ்கே_ரெண்டரர் மாறிக்கு கெய்ரோ என்று மதிப்பு கொடுத்தால் சிபியு. க்யூடி குயிக்கில் க்யூடி_குயிக்_பேக்எண்ட் மாறிக்கு சாஃப்ட்வேர். எதில் வரைகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் வேண்டுமானால் க்யூஎஸ்ஜி_இன்ஃபோ மாறிக்கு 1 கொடுத்துத் திறந்தால் டெர்மினலில் எழுதிவிடும். ஜாவாஎஃப்எக்ஸில் இதற்கு ப்ரிஸம்.வெர்போஸ்.

க்யூடியில் விட்ஜெட் வகைச் செயலிகள் பெரும்பாலும் சிபியுவில்தான் வரையும், ஜிடிகே 3-ம் கெய்ரோ வழியாக அப்படித்தான். அவற்றில் ஜிபியு 0 என்று கண்டு கவலைப்பட வேண்டாம். நாலு பட்டனும் ஒரு பட்டியலும் வரைய சிபியு தாராளமாகப் போதும்.

லிப்ரெஆஃபீஸில் இது மிக எளிது. ஹெல்ப், அபவுட் போனால் "யுஐ ரெண்டர்" என்று ஒரு வரி உண்டு. விண்டோஸில் ஸ்கியா/வல்கன் என்றிருந்தால் ஜிபியு, ஸ்கியா/ராஸ்டர் என்றிருந்தால் சிபியு. எல்லாச் செயலிகளும் தங்கள் அபவுட் பெட்டியில் இப்படி ஒரு வரி போட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும்.

#21 நெய்தல்

மேக் பயன்படுத்துபவர்களுக்கு: ஆக்டிவிட்டி மானிட்டரில் வியூ மெனு வழியாக ஜிபியு சதவீத நெடுவரிசையைச் சேர்க்கலாம். விண்டோ மெனுவில் ஜிபியு ஹிஸ்டரி உண்டு. வென்ச்சுராவிலிருந்து எம்டிஎல்_ஹெச்யுடி_எனேபிள்டு மாறிக்கு 1 கொடுத்து டெர்மினலிலிருந்து செயலியைத் திறந்தால், ஆப்பிளின் வரைமுறையான மெட்டல் வழியாக வரையும் ஜன்னலின் மூலையில் சிறு பலகை தோன்றும். எந்த ஜிபியு, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று அதில் இருக்கும்.

#22 கணக்குப்பிள்ளை

பழம்பெட்டி சார், நீங்கள் சொன்னபடி பார்த்துவிட்டேன். விடை எதிர்பாராததாக இருக்கிறது.

அலுவலகத்தில் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் டயர் 2. வரைபடத்தை ஆட்டும்போது என் செயலிக்கே 3டியில் 9 சதவீதம் வருகிறது. வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அதே கணினிக்குள் நுழைந்து ஓட்டினால் டயர் 0, சிபியு ஏறுகிறது. இத்தனை நாளும் நான் சோதித்தது எல்லாம் வீட்டிலிருந்து, ரிமோட்டில். மெதுவாக இருக்கிறது என்று நிரலை இரண்டு வாரம் திருத்திக்கொண்டிருந்தேன்.

#23 பழம்பெட்டி

ரிமோட் டெஸ்க்டாப்பில் டபிள்யூபிஎஃப் மென்பொருளில் வரைந்து படமாக அனுப்புவது வழக்கம்தான். கணினி முன்னால் உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் யாராவது இந்தச் செயலியை ரிமோட்டில்தான் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், டயர் 0 வரும்போது அசைவுகளையும் நிழல்களையும் நிறுத்திவிடும்படி ஒரு நிபந்தனை எழுதிவிடுங்கள். டயர் மாறும்போது தெரிவிக்க டயர்சேஞ்ச்டு என்ற நிகழ்வும் உண்டு.

#24 கணக்குப்பிள்ளை

நான்கு பேர் ரிமோட்டில்தான் பார்க்கிறார்கள். இன்றே எழுதுகிறேன். ரொம்ப நன்றி சார்.

#25 மின்மினி

எனக்கும் விடை கிடைத்தது அண்ணா. காம்போசிட்டிங் எனேபிள்டு. ஆனால் என் மடிக்கணினியில் இரண்டு ஜிபியு இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு எஞ்சின் நெடுவரிசையில் "ஜிபியு 0 - 3டி" என்று வருகிறது. அது இன்டெல். என்விடியா சும்மா இருக்கிறது. அதற்கு மாற்ற வேண்டுமா?

#26 நிரல்வழி

விஎஸ் கோடுக்கு வேண்டாம் தம்பி. எழுத்துகளை வரைய இன்டெல்லே போதும், பேட்டரியும் மிஞ்சும். பிளெண்டர் போன்றவற்றுக்கு மட்டும் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பக்கத்தில் அந்தச் செயலியைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடு. லினக்ஸில், ஓப்பன் சோர்ஸ் டிரைவர் என்றால் டிஆர்ஐ_ப்ரைம் மாறிக்கு 1. மாற்றிய பிறகு ரெண்டரர் பெயரை மறுபடி பார்த்துக்கொள்.

#27 தூரிகை

இரண்டு சோதனையும் செய்தேன். தாளைத் திருப்பும்போது ரெண்டர்/3டி பட்டை 40 வரை ஏறுகிறது, கையை எடுத்தால் இறங்கிவிடுகிறது. லிப்ஜிஎல் மாறியைப் போட்டுத் திறந்தால் அதே பழைய வலி: எட்டுக் கோடுகளும் உச்சத்தில், விசிறி சத்தம். மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறந்தேன், மறுபடி அமைதி.

இன்ஸ்டன்ட் ப்ரிவ்யூ போட்ட பிறகு ஈரத் தூரிகையும் பரவாயில்லை. ஸ்கேலிங் பைலீனியரில் இருந்தது, அதனால்தான் அந்த வசதி மங்கலாகவே கிடந்திருக்கிறது.

தோழியிடமும் சொன்னேன். அவள் இன்னொருவருக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தபோது இதே நோமோட்செட்டைச் சேர்த்துக் கொடுத்தாளாம். இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் எடுத்துவிடப் போகிறாள். வெளிச்சப் பட்டன் வேலை செய்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.